லூயிஸின் மூன்றாம் பாகம்: முழுசாகப் படிப்பதா, சுருக்கத்தைப் படிப்பதா, விட்டுவிடுவதா?

சி. எஸ். லூயிஸ் எழுதிய விண்வெளி நாவல்கள் மூன்று. 1938இல் ‘அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்’, 1943இல் ‘பெரலாண்ட்ரா’, 1945இல் ‘தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்’. முதல் இரண்டையும் ஆசையாகப் படித்து முடித்த பலர் மூன்றாவதை நாற்பது பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் பாகத்தில் ரான்ஸம் என்ற மொழி ஆராய்ச்சியாளரைக் கடத்திக்கொண்டு செவ்வாய்க்குப் போகிறார்கள். இரண்டாவதில் அவர் வெள்ளிக்குப் போகிறார். அங்கே அலையோடு ஏறி இறங்கும் மிதக்கும் தீவுகள், பொன்னிற வானம், பச்சை நிறத்தில் ஒரு பெண். இந்த மயக்கம் தீராமல் மூன்றாவதைத் திறந்தால், ஒரு இளம் மனைவி வீட்டில் தனியாக உட்கார்ந்து தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்து ஒரு கல்லூரிக் கூட்டம். அஜெண்டா, சம்பளம், இடிந்த சுவர். விண்கலம் இல்லை, யாரும் பூமியை விட்டுக் கிளம்புவதும் இல்லை. ரான்ஸம் தலைகாட்டுவதே ஏழாம் அத்தியாயத்தில்தான். தடிமனோ முதல் இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு வருமோ கிட்டத்தட்ட அவ்வளவு.

அப்படியானால் என்ன செய்யலாம்? இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது, இதைத் தனியாகவும் படிக்கலாம் என்று லூயிஸே முன்னுரையில் சொல்லியிருப்பதை நம்பி, முதல் இரண்டையும் தொடாமல் நேராக இதில் இறங்கலாம். அல்லது ஆசிரியரே பின்னர் சுருக்கிக் கொடுத்த பதிப்பைத் தேடிப் படிக்கலாம். இல்லையென்றால் முழுவதையும், ஒரு வரி விடாமல். நான் கடைசிக் கட்சி. ஆனால் மற்ற மூன்று பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கதையின் முக்கியமான முடிச்சுகளை இங்கே அவிழ்க்கப்போவதில்லை.

இரண்டோடு நிறுத்துவதற்குப் பெரிய காரணம், ‘பெரலாண்ட்ரா’ முடிகிற விதம். ஒரு திருவிழா முடிந்த நிறைவு அதில் இருக்கிறது. அதற்குமேல் ஒரு பாகம் வேண்டும் என்று அந்தக் கதை கேட்கவில்லை. புதிய உலகங்களைப் பார்ப்பதற்காகவே அறிவியல் புனைகதை படிக்கிறவர்களுக்கு மூன்றாம் பாகத்தில் கிடைப்பது கொஞ்சம்தான். வந்த காலத்திலேயே நல்ல வாசகர்கள் இதில் குறை கண்டிருக்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1945 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ் பத்திரிகையில் இதற்கு மதிப்புரை எழுதினார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து பத்தே நாள் ஆகியிருந்தது. விஞ்ஞானத்தின் பெயரில் ஒரு கூட்டம் நாட்டையே கைப்பற்றப் பார்க்கும் கதை அன்றைய நாளுக்கு மிகப் பொருத்தம் என்று சொன்ன ஆர்வெல், மந்திரமும் தேவதைகளும் கதைக்குள் வந்ததை ஏற்கவில்லை. தெய்வமே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று முன்னாடியே தெரிந்துபோகிறதே என்பது அவருடைய வாதம். பலமான வாதம்தான். பாதிக்கு மேல் மெர்லின் வருகிறார். ஆர்தர் ராஜா கதையில் வரும் அதே மந்திரவாதி மெர்லின். அவர் வந்த பிறகு கதை வேறு ஒரு கதையாகிவிடுகிறது. அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்களின் நிலையும் எனக்குப் புரிகிறது.

இன்னொரு குறையை நானே சொல்கிறேன். ஜேன் என்ற அந்த இளம் மனைவி கவிஞர் டன்னைப் பற்றி ஆய்வு செய்கிறவள், கூர்மையானவள். இந்த நாவலின் உயிரே அவள்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி ரான்ஸம் அவளிடம் பேசும் பகுதிகளும், அவள் படிப்பைப் பற்றிக் கதை எடுக்கும் நிலையும் எனக்கு ஒப்பவில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடங்களில் மனசு முரண்டுபிடிக்கிறது. அவற்றுக்காகவே ஒருவர் புத்தகத்தை ஒதுக்கினால் அவரிடம் நான் வாதம் செய்ய மாட்டேன்.

ஆனால் ‘இது விஞ்ஞானத்துக்கு எதிரான நாவல், அதனால் வேண்டாம்’ என்று நிறுத்துகிறவர்களிடம் கொஞ்சம் பேசுவேன். உயிரியல் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன் 1946இலேயே இந்த மூன்று நாவல்களையும் சேர்த்துக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். 1957இல் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானாரே, அதே ஹால்டேன். விஞ்ஞானிகளை லூயிஸ் வில்லன்களாக்குகிறார் என்பது அவர் கோபம். புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தால் வேறு ஒன்று தெரியும். இதில் உண்மையான, பெயர் பெற்ற விஞ்ஞானி என்று சொல்லத்தக்க ஆள் ஹிங்கெஸ்ட் என்ற வேதியியல் நிபுணர். நாட்டைக் கைப்பற்றப் பார்க்கும் அந்தத் தீய ஆராய்ச்சி நிறுவனத்தை ஒரு பார்வை பார்த்ததும் ‘இது எனக்குச் சரிப்படாது’ என்று கிளம்பிவிடுகிறவர் அவர்தான். அதற்கு அவர் கொடுக்கும் விலை பெரியது. நிறுவனத்தை நடத்துகிறவர்கள் அதிகாரிகளும் அரசியல் சூழ்ச்சிக்காரர்களும் போலீஸும்தான். லூயிஸின் கோபம் சோதனைக்கூடத்தின் மேல் இருப்பதைவிட, சோதனைக்கூடத்தின் பெயரைச் சொல்லி நாற்காலி பிடிக்கிறவர்கள்மேல்தான் அதிகம்.

நேராக மூன்றாவதில் தொடங்குகிற வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதை புரியும். லூயிஸ் சொன்னது பொய்யில்லை. ஆனால் இழப்பு இருக்கிறது. ஃபெவர்ஸ்டோன் பிரபு என்று ஒருவர் கல்லூரியில் சிரித்துப் பேசிக்கொண்டு நுழைகிறார். முதல் பாகம் படித்தவருக்கு அவர் யார் என்று தெரியவரும்போது வயிற்றில் ஏதோ புரளும். படிக்காதவருக்கு அவர் இன்னொரு பாத்திரம், அவ்வளவுதான். ரான்ஸமின் குதிகாலில் ஆறாத காயம் ஒன்று இருக்கிறது. அது எங்கே, எதனால் பட்டது என்பது இரண்டாம் பாகம். கடைசியில் கோள்களின் சக்திகள் ஒவ்வொன்றாக ஒரு கிராமத்து வீட்டுக்குள் இறங்கி வருகிற அத்தியாயம் இருக்கிறது. ஒவ்வொன்று வரும்போதும் கீழே சமையலறையில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சும் மனநிலையும் மாறிக்கொண்டே போகும். செவ்வாயையும் வெள்ளியையும் முன்பே நேரில் பார்த்துவந்த வாசகருக்கு அது ஊர்க்காரர்கள் வீடு தேடி வந்த மாதிரி இருக்கும். விண்வெளிக் கதை என்றாலே ஒவ்வாதவர், ஆனால் பல்கலைக்கழக அரசியல் கதை பிடிக்கும் என்பவர் மட்டும் இந்த வழியில் போகலாம். மற்றவர்கள் வரிசையாகவே படியுங்கள்.

இனி சுருக்கமா, முழுசா? பலரும் தெரிந்தே எடுக்காத முடிவு இது. கையில் கிடைத்த பிரதியே முடிவு செய்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த மெல்லிய பேப்பர்பேக் ஒன்றைப் படித்து முடித்து, ‘நல்ல கதை, கொஞ்சம் கிறுக்குத்தனம்’ என்று அலமாரியில் வைத்தேன். அது சுருக்கம் என்பது சில வருஷம் கழித்து ஒரு நண்பரின் தடிமனான பிரதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சுருக்கப் பதிப்பை வேறு யாரோ வெட்டவில்லை, லூயிஸே செய்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதன் முன்னுரையில் அவர், வேகத்தையும் சொல்லும் தோரணையையும் தவிர எதையும் மாற்றவில்லை என்கிறார். கூடவே, தனக்கு நிதானமான பழைய வடிவம்தான் பிடிக்கும், ‘போரும் அமைதியும்’ நாவல்கூட ஒரு பக்கம் குறையக் கூடாது என்று நினைக்கிறவன் நான் என்கிறார். சுருக்கியதே மேல் என்று சில விமர்சகர்கள் நினைக்கக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். சுருக்கத்தின் ஆசிரியரே முழுசின் பக்கம் நிற்கிறார். ஆனாலும் அவர் சொல்கிறார் என்பதற்காக நான் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டையும் படித்த பிறகு எனக்குத் தட்டுப்பட்ட வித்தியாசம் ஒன்றுதான்: சுருக்கத்தில் மார்க் மேல் எனக்குக் கோபம் வந்தது, முழுசில் பயம் வந்தது. அவனைப் பற்றிய பயம் இல்லை, என்னைப் பற்றிய பயம்.

மார்க் ஸ்டடொக் ஜேனின் கணவன். பிராக்டன் கல்லூரியில் சமூகவியலாளர், இளைஞன், கெட்டவன் இல்லை. கதை தொடங்கும்போது தெருவில் கல்லூரியின் துணைத் தலைவர் கரி அவனோடு நடந்துவருகிறார். பேச்சுவாக்கில் ‘நாம்’ என்கிறார். அந்த ‘நாம்’ என்ற ஒரு சொல்லில் மார்க்குக்குக் கிடைக்கும் இன்பம் இருக்கிறதே, அங்கேதான் நாவல் தொடங்குகிறது. கொஞ்ச நாள் முன்புவரை அவனுக்கு அது ‘கரியும் அவர் ஆட்களும்’. இப்போது அது ‘நாம்’. அலுவலகத்தில் முதல்முறையாக மேலதிகாரி உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ‘இது நமக்குள்ள இருக்கட்டும்’ என்று சொன்ன நாளை நினைத்துப் பார்த்தால் மார்க்கின் உள்ளக்கிடை உடனே பிடிபடும்.

அடுத்து அந்தக் கூட்டம். கல்லூரிக்குள் பிராக்டன் காடு என்று சுவர் சூழ்ந்த ஒரு பழங்காடு இருக்கிறது. அதன் நடுவில் மெர்லின் கிணறு. ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்களைக் கடந்து அந்தக் காட்டுக்குள் தனியாக நடந்துபோகிற பகுதி ஒன்று முன்னால் வருகிறது. ஒரு கோயிலின் பிராகாரங்களைத் தாண்டிக் கருவறையை நெருங்குகிற அமைதி அதில் இருக்கும். அப்புறம் அதே காட்டை விற்கிற கூட்டம். நேரடியாக ‘காட்டை விற்கலாமா?’ என்று யாரும் கேட்பதில்லை. நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் அமைப்பிடமிருந்து வந்த கடிதம், இடிந்துகொண்டிருக்கும் சுவர், அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, இளைய ஆசிரியர்களின் குறைந்த சம்பளம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கும் நேரத்தில், கல்லூரி நிலத்தைக் கேட்டு ஒருவர் நல்ல விலையோடு நிற்கிறார் என்ற செய்தி இறங்குகிறது. ஜுவெல் என்ற முதிய பாதிரியார், குழந்தை முகம், நரைத்த தலை, எழுந்து நின்று ஏதோ சொல்ல வருகிறார். குரல் எழும்பவில்லை. ஃபெவர்ஸ்டோன் திரும்பி, நம் காதில் விழக் கூடாது என்பதுதான் பெரியவரின் ஆசையென்றால் மௌனமாக இருப்பதே இன்னும் நல்லது என்கிற பொருளில் தெளிவான குரலில் ஒரு வார்த்தை விடுகிறார். அவ்வளவுதான், காடு போயிற்று.

இந்தக் கூட்டம்தான் பலர் புத்தகத்தை மூடி வைக்கும் இடம். அலுப்பாக இருக்கிறது என்கிறார்கள். அலுப்பு இருக்கத்தான் வேண்டும். அந்த அலுப்பில்தான் காடு விற்கப்பட்டது. நாமும் ‘சீக்கிரம் முடிங்கப்பா’ என்று பக்கத்தைத் தள்ளுகிறோம், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ ஒரு பொதுக்குழுக் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இதை வேகப்படுத்தினால் தகவல் மிஞ்சும், நம்முடைய உடந்தை மிஞ்சாது.

காட்டை வாங்குவது ஒரு மாபெரும் ஆராய்ச்சி நிறுவனம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நைஸ்’ என்று வரும். மார்க் அங்கே போகிறான். தனக்கு என்ன வேலை, என்ன சம்பளம், யார் மேலதிகாரி என்று பக்கம் பக்கமாக அவனுக்குத் தெரியவே இல்லை. துணை இயக்குநர் விதரிடம் கேட்டால் பனிமூட்டம் மாதிரி ஒரு பதில் வருகிறது. வாக்கியம் தொடங்குகிறது, வளைகிறது, முடிகிறது, ஒன்றும் சொல்லப்படவில்லை. முழுப் பதிப்பில் இந்தப் பேச்சுகள் நீளமாகவே இருக்கின்றன. அரசு அலுவலகத்தில் ஒரு கோப்புக்காக அலைந்தவரால் இந்த நீளத்தின் கொடுமையை உணர முடியும்.

பிறகு ஆறாம் அத்தியாயத்தில் ஒரு ராத்திரி. நூலகத்தில் கணப்பு எரிகிறது, பெரிய ஆட்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், மார்க்கும் அந்த வட்டத்தில் இருக்கிறான். ஊரில் நடந்த கலவரத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். கலவரம் இன்னும் நடக்கவில்லை. நாளைக்கு நடக்கும், நாங்களே நடத்துவோம். மார்க் உட்கார்ந்து இரண்டு கட்டுரை எழுதுகிறான், கௌரவமான பத்திரிகைக்கு ஒன்று, சாதாரண ஜனங்கள் படிக்கும் பத்திரிகைக்கு ஒன்று. தப்பு என்று தெளிவாகத் தெரிந்த ஒன்றைச் செய்யச் சொல்லி அவனை யாரும் கேட்டதில்லை, இதுதான் முதல்முறை. ஆனால் சம்மதித்த கணம் எது என்று அவனுக்கே தெரியவில்லை. மனசுக்குள் போராட்டமும் இல்லை, திரும்பிப் பார்க்கிற ஒரு வாசற்படியும் இல்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு நடுவே ஒரு சிரிப்பில் அது கடந்துபோய்விட்டது.

அந்தச் சிரிப்பு நம்மையும் ஏமாற்ற வேண்டுமானால் அதற்கு முன் நூறு பக்கம் நாம் மார்க்கோடு நடந்திருக்க வேண்டும். அவன் ஒவ்வொரு முறையும் அடுத்த அறைக் கதவுக்காக ஏங்கியதை, திறந்ததும் அதற்கும் உள்ளே இன்னொரு அறை இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். லூயிஸ் 1944இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மாணவர்களிடம் ‘உள்வட்டம்’ என்ற பொருளில் ஓர் உரை ஆற்றினார். உள்ளே சேர வேண்டும் என்ற ஆசை மட்டும் போதும், இன்னும் கெட்டவனாக ஆகாத ஒருவனை மிகக் கெட்ட காரியங்களைச் செய்யவைக்க, என்பது அந்த உரையின் சாரம். உரையில் கருத்தாகச் சொன்னதை நாவலில் நம்மை அனுபவிக்கவைக்கிறார். அனுபவத்துக்கு நேரம் பிடிக்கும். என் முடிவுக்கு இதுதான் காரணம்.

சுருக்கம் யாருக்கு என்றால், ஏற்கெனவே முழுசை இரண்டு தடவை தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டவருக்கு. மூன்றாம் முறையும் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். வேதாகமத்தின் பாபேல் கோபுரத்தை நினைவுபடுத்தும் அந்த விருந்துக் காட்சியையும் மெர்லினையும் படிக்காமல் போகக் கூடாது. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொள்ள முன்னுரையைப் பாருங்கள். கதையைக் குறைத்ததைப் பற்றி ஆசிரியர் பேசினால் அது சுருக்கம். முழுசு பெரும்பாலான அச்சுகளில் 350 பக்கத்தைத் தாண்டும்.

முழுசு என்று முடிவெடுத்தால், ‘பெரலாண்ட்ரா’ முடித்த கையோடு இதை எடுக்காதீர்கள். ஒரு மாசமாவது போகட்டும். வெள்ளியின் வாசனை மூக்கில் இருக்கும்போது கல்லூரிக் கூட்டம் யாருக்கும் இறங்காது. நடுவில் வேறு ஏதாவது, முடிந்தால் ஒரு குடும்பக் கதை படியுங்கள். பிறகு எடுத்தால், முதல் நான்கு அத்தியாயத்தை ஒரு விடுமுறை நாளில் சேர்த்துப் படித்துவிடுங்கள். தினம் பத்துப் பக்கம் என்று பிரித்தால் யார் யாரென்றே பிடிபடாது. ஏழாவதற்கு அப்புறம் அதுவே இழுத்துக்கொண்டு போகும். வழியில் ‘நியூமினார்’ என்று ஒரு பெயர் தட்டுப்படும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் உருவாக்கிய பெயர் அது. அப்போது அச்சில் வராத கதையை அவர் வாசிக்கக் கேட்டுத்தான் லூயிஸுக்குத் தெரியும், அதனால் எழுத்து மாறிவிட்டது. நீ விண்வெளிப் பயணம் எழுது, நான் காலப் பயணம் எழுதுகிறேன் என்று நண்பர்கள் இருவரும் பேசிக்கொண்டதில் பிறந்தவைதான் லூயிஸின் இந்த நாவல்கள். டோல்கீனின் பங்கு முடியாமலே நின்றுபோனது.

இறுதிப் பகுதியில், எல்லாக் கூத்தும் அடங்கிய பிறகு, மார்க் ஜேன் இருக்கும் இடத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறிய விடுதியில் தங்குகிறான். அங்கே ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையின் பழைய இதழ்களை பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். சின்ன வயசில் அவன் பாதி படித்து நிறுத்திய ஒரு தொடர்கதை அதில் இருக்கிறது. பாதியில் அவனுக்குப் பத்து வயசு நிறைந்துவிட்டதால், இனிமேல் குழந்தைக் கதை படிப்பது வெட்கம் என்று அப்போது விட்டிருந்தான். இப்போது ஒரு தொகுதியிலிருந்து அடுத்த தொகுதிக்கு அதைத் துரத்திக்கொண்டே போய், கடைசிவரை படித்து முடிக்கிறான். கதை நன்றாக இருந்தது.